எட்டடி டிஷ்ஷின் நிழல்

பிறெடியைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் அவன் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சனியன் பிடித்த கை. இரத்மலானைப் பட்டறையொன்றில் இரும்பு ஒட்டுகிற கை. கோபம் வந்தால் மூளையைக் கேட்காமலே நீளுகிற கை.

கொட்டாஞ்சேனையில் அவன் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் பதினொரு டிஷ்கள் நின்றன. ஹோட்டல்கள் கழித்துவிட்டது, பழைய இரும்புக் கடையில் கிடந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. வெளிநாட்டு டீவி பார்ப்பதென்றால் அவனுக்கு உயிர். பாஷை ஒரு சொல்லும் விளங்காது, அதனாலென்ன? எங்கோ ஒரு நாட்டில் பனி கொட்டுவதை வேர்வை வழிய உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பான். ஒவ்வொரு டிஷ்ஷையும் திசை பிடித்து இறுக்கியதும், அது நிற்கும் தூணில் தொடங்கி, தூணைக் கவ்வும் பிடிவரை சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிடுவான். கோடு விலகியிருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொட்டவன் பாடு பெரும்பாடு. டிஷ்ஷில் உடுப்புக் காயப்போட்டவனின் பல்லை உடைத்தான். பெயின்ற் அடிக்க வந்து எட்டடி டிஷ்ஷை நகர்த்தியவனைப் படியால் உருட்டிவிட்டான். அந்த மனிதனுக்குத் தோள் எலும்பு முறிந்து, விசயம் பொலிஸ்வரை போயிற்று. அன்று மனைவி சுதர்சினி சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இனி ஒருக்கா ஆருக்காவது கை நீட்டினியளெண்டா நான் வத்தளைக்கு அக்கா வீட்டை போயிடுவன். பிறகு கூப்பிட வராதேங்கோ.”

சொன்னால் செய்கிறவள். பதினாறு வருசம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா? பயந்துபோனான். எட்டு மாதம் யாரையும் தொடவில்லை.

மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டடி டிஷ்ஷோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிப் பிடித்த டீவிச் சனலில், தலையில்லாத ஆடொன்றுக்காகக் குதிரைக்காரர் அடிபடுகிற விளையாட்டின் கடைசிச் சுற்று. பின்னேரம் மூன்று மணிக்குப் படம் கட்டங்கட்டமாக உடைந்து, செத்துப்போயிற்று.

பிறெடி ஸ்பானருடன் மேலே பாய்ந்தான். எட்டடி டிஷ்ஷின் பக்கத்தில் கீழ்வீட்டு ராமையா நின்றார். நகைக்கடை வாச்சர், வயது அறுபது. கையில் சுளகு நிறைய மோர்மிளகாய். போன வருசம் அதே மிளகாயை டிஷ்ஷுக்குள் காயப்போட்டு ஏச்சு வாங்கிய மனிதர். பிறெடிக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

“நான் தொடவே இல்லங்க தம்பி. தரையிலதான் காயப்போட வந்தேன்,” என்றார்.

முதல் அடி காதோடு விழுந்தது. மிளகாய் சிதறியது. குனிந்த முதுகில் உதைத்தான். விழுந்தவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, அந்தக் கையிலேயே ஸ்பானரால் போட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் அவனுக்கே கேட்டது. அப்போதும் நிறுத்தவில்லை, பாவி. சத்தம் கேட்டு ஓடிவந்த இரண்டு பேர் அவனைத் தள்ளிவிட்டு, இரத்தம் ஒழுக ஒழுக ராமையாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

மூச்சு வாங்க, டிஷ்ஷை நேராக்கத் திரும்பினான். சிவப்புக் கோடு இம்மியும் விலகவில்லை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னல் வாங்குகிற தலையின் நிழல், வட்டத்தின் நட்டநடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது.

வருசத்தில் இரண்டு தரம் சூரியன் சற்றலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும்; அப்போது அந்தத் தலையின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழும். அந்தச் சில நிமிடம் படம் போய், தானாகவே திரும்பி வரும். இதை ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்துகிறவனே பிறெடிதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? கீழே டீவியில் குதிரைகள் ஓடும் சத்தம் கேட்டது.

சுதர்சினி உடுப்புப் பையுடன் மேலே வந்தாள். அவளைக் கண்டதும் அவன் ஸ்பானரை ஓங்கி எட்டடி டிஷ்ஷைக் கிழித்தான். அடுத்ததை நெளித்தான்.

“இந்தா பார் சுதா, எல்லாத்தையும் உடைக்கிறன். ஒண்டும் வேண்டாம் எனக்கு.”

ஸ்பானரில் ராமையாவின் இரத்தம் இன்னும் காயவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்கட கை இன்னும் ஓயேல்லைத்தானே,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே கேற் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்போதும் அந்தக் கை ஐந்தாவது டிஷ்ஷை அடித்துக்கொண்டுதான் இருந்தது.