ஏழாவது துலிப்

ரிம்மா புரோகரவ்னாவின் கண் எப்போதும் இரண்டு முட்கள் மீது இருக்கும். ஒன்று, எங்கள் பொதுக் குளியலகத்தின் கொதிகலனில் அழுத்தம் காட்டும் முள். இன்னொன்று, சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள். முதலாவது சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது. இரண்டாவது சீக்கிரமாக ஆறைத் தொடவேண்டும். தொட்டால்தான் ஏழு மணி பாலேவுக்கு ஓட முடியும்.

நான் அவருக்கு அடுத்த ஷிஃப்ட். உள்ளே நுழையும்போது பார்ப்பேன்: உருண்டையான உடம்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், கம்பளிப் பூட்ஸுக்குள் கால்கள் இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். வேலையை ஒப்படைக்கும்போது அழுத்தம் சரி, தண்ணீர் சரி என்று சொல்லி, அதே மூச்சில் நேற்று இரண்டாம் அங்கத்தில் இடது வரிசையில் மூன்றாவது பெண் தலையை அரை நொடி தாமதமாகத் திருப்பியதையும் சொல்வார். ஒருமுறை அதை ஷிஃப்ட் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். மேற்பார்வையாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆக, அந்தப் பெண்ணின் கழுத்து எங்கள் பெர்ம் நகர வெந்நீர்க் கணக்கில் இன்றைக்கும் இருக்கிறது.

அவர் வாழ்க்கையில் ஒரு அடிகூட ஆடியதில்லை. போர்க்காலத்தில் லெனின்கிராட் ஆட்டக்காரர்களை எங்கள் ஊருக்கு அனுப்பிவைத்திருந்தபோது அவருக்குப் பத்து வயது. அம்மாவுக்கு இதே குளியலகத்தில்தான் வேலை. ஆட்டக்காரிகள் குளிக்க வருவார்கள், சிறுமி ரிம்மா தண்ணீர் வாளி தூக்கிக் கொடுப்பாள். மேடையில் பார்ப்பதற்கு முன்பே அவர்களுடைய பாதங்களைப் பார்த்துவிட்டாள். கறுத்த நகம், கொப்புளம், கயிறு அறுத்த தடம். இந்த அக்காக்கள் எங்கே கல் உடைக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். உடைக்கவில்லை, ஆடுகிறார்கள் என்றாள் அம்மா. அந்தக் கால்களா ஆடுகின்றன என்று பார்த்துவிடத்தான் முதல்முறை அரங்கத்துக்குப் போனாள். நாற்பத்திரண்டு வருடமாக இன்னும் பார்த்து முடியவில்லை.

மூன்றாம் பால்கனி, வலது கோடி, மேடைக்கு மேலேயே தொங்குவது போன்ற இடம். கம்பி ஓரத்து முதல் இருக்கை ரிம்மாவுடையது. இரண்டாவது, பல்செட் செய்கிற கேஷாவுடையது. முப்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருடமாகச் சண்டை போடுகிறவர்கள். கேஷா வரும்போதெல்லாம் வாடகைப் பைனாகுலர் எடுப்பார். கண்ணுக்காக மட்டுமில்லை, பைனாகுலரைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்குக் கோட்டு வரிசையில் நிற்காமல் கோட்டு கிடைக்கும். மூன்றாவது இருக்கையில் போன வருடத்திலிருந்து, ஷிஃப்ட் இல்லாத நாட்களில், நான்.

சண்டை நோன்னாவைப் பற்றியது. ஆட்டப் பள்ளியிலிருந்து வந்து மூன்று வருடமாகக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிற பெண். ரிம்மா அவளை முதல் வாரமே பிடித்துவிட்டார். முன்னால் ஆடுகிற நட்சத்திரம் ஸெராஃபீமா கேஷாவின் கட்சி. ரிம்மா நோன்னாவின் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

“உன் பொண்ணுக்கு முழங்காலே இல்ல ரிம்மா. ரெண்டு கதவுக் கீலு வெச்சு அனுப்பியிருக்காங்க” என்பார் கேஷா.

“நீ கட்டின பல்லை விட நல்லாவே ஆடுது அந்தக் கீலு” என்பார் ரிம்மா.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ஸெராஃபீமாவுக்குக் காய்ச்சல். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக் காட்சியில் முக்கிய வேடம் நோன்னாவுக்கு. செய்தி கொதிகலன் அறைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. குழாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நான் போனபோது ரிம்மா வாளிகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரிக் குளிர், எங்கள் அறையில் மட்டும் மே மாதம். அந்தச் சூட்டில் மார்ச் எட்டு மகளிர் தினத்துக்காக வெள்ளைத் துலிப் வளர்த்துக்கொண்டிருந்தார். மொட்டுகளிடம் முகத்தைக் கொண்டுபோய், கொஞ்ச நாள் முன்னதாக விரிந்தால் என்ன கெட்டுவிடும் உங்களுக்கு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சனி இரவுக்குள் ஏழு விரிந்தன. சரியாக ஏழு.

ஏழு என்பது முக்கியம். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்: உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பூ ஒற்றைப்படையில் கொடுக்கவேண்டும், இரட்டைப்படை சவப்பெட்டிக்கு. அரங்கத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. எதிர்க்கட்சி ரசிகர்கள் ஒருத்தியைக் கவிழ்க்க நினைத்தால் அழகான பூங்கொத்தாகக் கட்டி, எண்ணி ஆறு பூ அனுப்புவார்கள். அவள் எண்ணிப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவள் கால் அவள் சொன்னதைக் கேட்காது.

ஞாயிறு நோன்னா ஆடினாள். முதல் அங்கத்தில் பயந்து ஆடினாள். இரண்டாவதில் பயத்தை மறந்து ஆடினாள். மூன்றாவதில் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு சுற்று. ரிம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ண, நானும் எண்ண, இருபதுக்கு மேல் பால்கனி முழுக்க ஒரே மூச்சாக எண்ணியது. முப்பத்திரண்டாவதில் அவள் நின்ற விதம், மேசையில் வைத்த டம்ளர் மாதிரி. கேஷா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கீல் என்றும் சொல்லவில்லை.

திரை மூடித் திறந்தது. நோன்னா வந்து குனிந்தாள். பூ ஏதும் வரவில்லை. அவளை யாருக்குத் தெரியும்? ரிம்மா எழுந்து, கையைப் பின்னால் இழுத்து, நிலக்கரி வாரிப் போட்ட காலத்துத் தோளால் வீசினார். கொத்து காற்றில் போகும்போதே ஒரு துலிப் நூலிலிருந்து நழுவியது. ஆறு பூ நோன்னாவின் காலடியில் போய் விழுந்தன. ஏழாவது நிதானமாகத் திரும்பித் திரும்பி இறங்கி, கீழ்த்தளம் ஒன்பதாம் வரிசையில், ஒரு வழுக்கைத் தலையில் உட்கார்ந்தது.

நோன்னா கொத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ரிம்மாவின் முகம் அவருடைய துலிப் நிறத்துக்கு வந்தது. “ஆறு” என்றார். “லேன்யா, நான் அவளுக்கு ஆறு குடுத்துட்டேன்.”

இடைவேளை இருபது நிமிடம். அதன் பிறகு கடைசி அங்கம். என்னை இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரிம்மா படியில் இறங்கினார். இறங்கினார் என்றா சொன்னேன், உருண்டார். அடுத்த நிமிடம் கேஷாவும் எழுந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கூச்சம், கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிக் குழப்பம் இல்லாமல் போயிருக்கும்.

கீழே நடந்ததை ரிம்மா பிறகு எனக்கு நான்கு விதமாகச் சொன்னார். நான்கிலும் பொதுவானது இதுதான். வழுக்கைத் தலைக்காரர் அரங்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் புகைமீன் வைத்த ரொட்டியோடு நின்றிருந்தார். துலிப் அவருடைய எலுமிச்சைப் பானத்து கிளாஸில் நின்றிருந்தது. பெயர் கிளேப் சாவிச். காமா ஆற்றுப் படகுகளில் மெக்கானிக். ஆறு உறைந்து கிடந்ததால் சும்மா இருந்த மனிதருக்குத் தொழிற்சங்கம் பாலே டிக்கெட் கொடுத்து அனுப்பியிருந்தது. கூட வந்த நண்பர் இரண்டாம் அங்கத்திலேயே பியர் தேடிப் போய்விட்டார். இவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், பூ வந்து எழுப்பும்வரை.

ரிம்மா மூச்சு வாங்க, அது தன்னுடைய பூ என்றார்.

கிளேப் சாவிச் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “மேல இருந்து போட்டது நீங்கதானா? குறி பார்த்துத்தான் போட்டீங்க போல.”

உங்களுக்குப் போடவில்லை, நழுவிவிட்டது என்று ரிம்மா விளக்கினார். ஆறு, ஏழு, சவப்பெட்டி, ஸெராஃபீமா, முப்பத்திரண்டு சுற்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். அவர் ரொட்டியை முழுவதும் மென்று முடித்தார்.

“இதக் கேளுங்க. எனக்கு அம்பத்தஞ்சு வயசு. ஆம்பளைக்கு யாரு பூ குடுக்குறா? பெட்டியில படுத்தப்புறம் குடுப்பாங்க, வாங்கிக்க முடியாது. இன்னிக்குத்தான் ஒண்ணு வந்து தலையில விழுந்திருக்கு. அதையும் கேக்குறீங்க.”

“அந்தப் பொண்ணு எண்ணிப் பாத்துட்டா விழுந்துடுவா. கெஞ்சிக் கேக்குறேன்.”

அவர் கிளாஸிலிருந்து பூவை எடுத்துத் தண்டைத் தன் கைக்குட்டையில் துடைத்தார். ஒரு நிபந்தனை: பக்கத்து இருக்கை காலி, கடைசி அங்கத்துக்கு அங்கே வந்து உட்காரவேண்டும், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று சொல்லித் தரவேண்டும், அவருக்கு எல்லாப் பெண்களும் ஒரே வெள்ளைப் பாவாடையாகத் தெரிகிறார்களாம். கீழ்த்தளத்தில் உட்காருகிறவர்களை ரிம்மா மதிப்பதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் வரிசையும் வளைவும் தெரியாது, முன்னால் உட்கார்ந்தவரின் தொப்பிதான் தெரியும் என்பார். ஆனாலும் சரி என்றார். பூவை வாங்கிக்கொண்டு மேடைக் கதவுக்கு ஓடி, அங்கே பின்னல் போட்டுக்கொண்டிருந்த காவல்காரம்மாவிடம் நோன்னாவின் பூவோடு சேர்த்துவிடச் சொன்னார். அந்தம்மா பின்னலைக் கீழே வைக்கவே மனமில்லாமல், இன்றைக்கு என்ன எல்லோரும் ஒற்றை ஒற்றைப் பூவாகக் கொண்டுவருகிறீர்கள் என்று முணுமுணுத்தார். ரிம்மா அதைக் காதில் வாங்கவில்லை. ஏழு என்று ஜெயித்த மனதோடு மூன்று மாடி ஏறி வந்தார்.

கேஷா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார், வழக்கத்துக்கு மாறாகப் பணிவாக.

“ஏழு ஆயிடுச்சு” என்றார் ரிம்மா.

“தெரியும்” என்றார் கேஷா. “நான்தான் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ குடுத்தேன், மேடைக் கதவுல. காய்ச்சல்ல இருக்கிற ஸெராஃபீமாவுக்கு வாங்கி வெச்சிருந்தேன், அதுல ஒண்ணை உருவிட்டேன். கட்சி வேற, கொலை வேற.”

ரிம்மா அவரைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவரை அப்படி ஒருமுறையும் பார்த்திருக்கமாட்டார். பாசமும் கழுத்தை நெரிக்கும் ஆசையும் ஒரே முகத்தில் எப்படி இடம் பிடிக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

“கேஷா. நானும் குடுத்துட்டேன்.”

மூன்று பேரும் விரல் விட்டோம். ஆறும் ஒன்றும் ஏழு. ஏழும் ஒன்றும் எட்டு. இடைவேளை முடிந்ததென்று மூன்றாம் மணி அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்து தொண்டையில் நின்றது. சிரித்தால் அடி விழும் என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. இனி ஓடிப்போய் ஒன்றை எடுக்கவும் நேரமில்லை. ரிம்மா என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, கொடுத்த வாக்குக்காகக் கீழே ஓடினார். விளக்கு அணையும்போது மேலிருந்து பார்த்தேன்: ஒன்பதாம் வரிசையில் ஒரு வழுக்கை, பக்கத்தில் நீலப் பூப்போட்ட ஒரு தலைக்குட்டை.

ஏரிக்கரைக் காட்சி. இருபத்து நான்கு பெண்கள் வெள்ளையாக ஓடி வந்தார்கள். நாற்பத்திரண்டு வருடமாக மேலிருந்து பார்த்த ரிம்மாவுக்கு அவர்கள் எடையே இல்லாதவர்கள். பனி எப்போதாவது சத்தம் போட்டு விழுமா? கீழே உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது சத்தம். தொம் தொம் என்று பலகையில் இறங்கும் பாதங்கள். மூச்சு. ஒருத்தி அடக்கிய இருமல். குளியலகத்தில் வாளி தூக்கிக் கொடுத்த நாளில் பார்த்த பாதங்கள் அத்தனையும் திரும்பி வந்து தன் முன்னால் ஆடியது போல் இருந்தது என்றார். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று கிளேப் சாவிச் கேட்டுக்கொண்டே இருக்க, இவர் பதில் சொல்லாமல் அவருடைய கைக்குட்டையை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாராம். துலிப் தண்டைத் துடைத்த அதே கைக்குட்டை.

நோன்னா ஒருமுறை வழுக்கினாள். மேலே கேஷா என் முழங்காலைப் பிடித்தார், தடம் ஒரு வாரம் இருந்தது. அவள் விழவில்லை. வழுக்கியதையே ஒரு தவிப்பாக மாற்றி எழுந்தாள். கேஷா மெதுவாக, “கீலு இல்ல அது” என்றார்.

கடைசி வணக்கம். அரங்கம் எழுந்து நின்றது. நோன்னா கொத்தோடு வந்தாள். அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. ஏழு வெள்ளை, நடுவில் ஒரு சிவப்பு. கூட ஆடிய இளவரசன் பக்கம் திரும்பி, எல்லா ஆட்டக்காரிகளும் எப்போதும் செய்வது போல, கொத்திலிருந்து ஒன்றை உருவி, உதட்டில் ஒற்றி, அவன் கையில் கொடுத்தாள். சிவப்பைக் கொடுத்தாள்.

கேஷா பைனாகுலரை வைத்து எண்ணினார். பிறகு கம்பிக்கு வெளியே குனிந்து, ஒன்பதாம் வரிசைக்கு ஏழு விரல் காட்டினார். கீழே தலைக்குட்டை குதித்தது. ஐம்பத்திரண்டு வயதுத் தலைக்குட்டை, தரையிலிருந்து நன்றாக ஒரு சாண் எழும்பியது. பக்கத்து வழுக்கையும் காரணம் தெரியாமல் கூடவே குதித்தது.

கோட்டு வாங்கும் இடத்தில் நால்வரும் சேர்ந்தோம். பைனாகுலர் புண்ணியத்தில் முதலில் கோட்டு வாங்கி, வரிசையில் நிற்கிறவர்களின் முறைப்பை ரசித்துக்கொண்டிருந்தோம். ரிம்மா நிறுத்தாமல் பேசினார். சரியான நேரத்தில் ஒன்றைக் கொடுத்து அந்தப் பெண்ணே தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள், இதுதான் பிறவிக் கலைஞர் என்றார்.

கிளேப் சாவிச் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்: “எனக்கு ஒண்ணு புரியல. இவங்க எப்பவுமே ஒண்ணை எடுத்து அந்தத் தம்பிக்குக் குடுப்பாங்களா?”

“எப்பவுமே. அதுதான் வழக்கம்.”

“நீங்க எப்பவுமே ஏழுதான் வீசுவீங்களா?”

“எப்பவுமே.”

ரிம்மா ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே என்று நின்றுவிட்டார். முப்பது வருடம். எத்தனை கொத்து. ஒவ்வொன்றிலும் ஒன்று இளவரசனுக்குப் போய், ஒவ்வொருத்தியும் ஆறு பூவோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். கேஷா தன்னுடைய ஐந்து ஐந்தாகப் போன கார்னேஷன்களை நினைத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு ஸெராஃபீமாவுக்குக் காய்ச்சல் தவிர ஒன்றும் வந்ததில்லையே என்றார். அவ்வளவுதான், ரிம்மாவிடமிருந்து சிரிப்பு கிளம்பியது. கொதிகலனில் பாதுகாப்பு வால்வு திறப்பது போல முதலில் ஒரு சீறல், பிறகு எல்லாம். கோட்டு கொடுக்கிற பெண்கள்கூடக் காரணம் கேட்காமல் சிரித்தார்கள்.

மறுநாள் ஷிஃப்டுக்குப் போனபோது வாளிகளில் புதுக் கிழங்குகள் ஊன்றியிருந்தன. எண்ணினேன். ஒன்பது. எட்டு மேடைக்கு, அங்கிருந்து ஒன்று இளவரசனுக்கு, கணக்கு புரிந்தது. ஒன்பதாவது யாருக்கு என்று கேட்டேன். ரிம்மா புரோகரவ்னா முள்ளைப் பார்த்தபடி, வீசும்போது ஒன்று எப்படியும் நழுவும், அதற்கும் சேர்த்துத்தான் என்றார். பூட்ஸுக்குள் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஏப்ரலில் நோன்னா மறுபடி ஆடினாள். எட்டு மேடையில் போய் விழுந்தன. ஒன்பதாவது நழுவி, நேராக ஒன்பதாம் வரிசைக்குப் போனது. இம்முறை அங்கே யாரும் தூங்கவில்லை. ஆற்றில் பனி உடைந்து படகு வேலை தொடங்கியிருந்த நேரம், சொந்தமாக டிக்கெட் எடுத்து வந்திருந்தார். தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் விரித்துத் தயாராக நின்றிருந்தார்.