தங்கையின் தைராய்டும் ஒரு டப்பா மாத்திரையும்

போன வாரம் என் தங்கை செல்விக்கு ஸ்கேன் ரிசல்ட் வந்தது. கழுத்தில் இப்போது கேன்சர் இல்லை! இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுண்ணே... அழுது வடியாம எழுது" என்றாள்.

செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. போன வருஷம் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. தைராய்டு கேன்சர் என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. மிஞ்சிய செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அதற்குள், ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருக்கும் அவள் கணவர் முருகன் ஒரு டப்பா மாத்திரையோடு வந்து நின்றார். ஆன்டி-ஆக்சிடன்ட்... வீரியமானதாம்!

"உடம்புல உள்ள கெட்டத எல்லாம் எடுத்துருமாம். போடு."

"டாக்டர்ட்ட கேக்காம போட மாட்டேன்."

"நான் என்ன விஷத்தையா தாரேன்?" மனைவிக்காக எதையாவது செய்தே ஆக வேண்டுமே என்ற தவிப்பு.

அடுத்த முறை மதுரைக்கு மூவருமாகப் போனோம். செல்வி டப்பாவை டாக்டர் மேஜையில் வைத்தாள். "சாப்பிடலாமா சார்? கூடாதுன்னா ஏன்னும் சொல்லுங்க."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "தைராய்டு ஹார்மோன் தயாரிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வேணும். சுரப்பியே அதை உண்டாக்கிக்கும். அது அளவு மீறி, உடம்பால சமாளிக்க முடியலைன்னா, அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். செல்லோட டிஎன்ஏ சேதமாகும். கேன்சர் வர அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"அப்ப அதத் தடுக்குற இந்த மாத்திரை நல்லதுதான சார்?" முருகன் முந்திக்கொண்டார்.

"அங்கதான் சிக்கல். நாங்க கொடுக்கிற அயோடினும் ஓரளவு அதே மாதிரி சேதம் பண்ணித்தான் கேன்சர் செல்லைக் கொல்லுது. அப்ப இதைப் போட்டா நல்ல செல்லைக் காப்பாத்துமா, கெட்ட செல்லையா? உறுதியா சொல்ல முடியாது. அதனால இப்ப வேண்டாம்."

முருகன் முகம் தொங்கிப்போனது. வெளியே வந்ததும் செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தான அலைஞ்சீக... இனி கேட்டுட்டு அலைவோம்."

அன்பாகக் கொடுத்தது கெடுதல் செய்யாது என்று நாம் நம்பிவிடுகிறோம். கொடுத்தவர் அன்பானவர் என்பது மாத்திரைக்குத் தெரியுமா என்ன?

அயோடின் சாப்பிட்டு வீடு திரும்பியும், உடம்பில் கதிர்வீச்சு மிச்சம் இருக்கும் என்பதால், செல்வி சில நாள் தன் மகளை அருகில் விடக் கூடாது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மகள் பள்ளிக்கூடக் கதை சொல்வாளாம். இந்தப் பக்கம் இவள் சத்தமில்லாமல் அழுவாளாம். ஆனால் கதவைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் திறந்திருப்பேன்.

இந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். நல்ல கூட்டம். தேர் வருகிற மும்முரத்தில் நானும் முன்னே போய்த் தேர் வடத்தை ஒட்டி நின்றேன்.

"ஏலே, வெள்ளச் சட்ட! வடத்த விட்டுத் தள்ளு!"

திரும்பினேன். காக்கிச் சட்டை, கழுத்தில் மறைக்காத தழும்பு... என் தங்கை!

"நான்தாம்மா..." என்றேன்.

"தெரியுது. தள்ளுண்ணே!"

தள்ளி நின்றேன். இத்தனை பெருமையோடு நான் யாருக்கும் வழிவிட்டதில்லை.