பட்டன் கழற்றாத சேட்

துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைக்கிற தொழிலை, மின்விசிறி இல்லாமல் கண் மூட முடியாத திருகோணமலையில் நடத்துகிறவர் முதலில் பழக வேண்டியது, தைப்பதற்கல்ல, விளக்கம் சொல்வதற்கு. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தப் பாடு தெரியும்.

வெக்கை

லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. நீட்டு மேசை ஒன்று, மெஷின் இரண்டு, ஒரு சுவர் முழுக்கத் துண்டுகள் ஒட்டி நிற்கிற வெள்ளைப் பிளனல் துணி. வெட்டிய துண்டுகளை அந்தப் பிளனலில் பதித்துவிட்டுத் தூர நின்று பார்ப்பேன். பிடிக்காவிட்டால் மாற்றுவேன். மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பேன். தெருவில் போகிறவர்களுக்கு, நான் சுவரைப் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கிற ஆள்.

மீன் கொண்டுவருகிற அண்ணர் ஒருநாள் படலையடியில் சைக்கிளை நிறுத்திக் கனநேரம் பார்த்தார். போர்க்கிறவர்கள் பனி விழும் நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்காக இங்கே உள்ளவர்கள் தைப்பிக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

“இந்த வெக்கைக்க போர்வையோ தங்கச்சி? அப்ப நான் விக்கிற மீனுக்கும் ஒண்டு தைச்சுத் தாங்கோவன்.”

வெறும் இடம்

மேரி அக்கா ஒரு பை நிறையப் பழைய உடுப்போடு வந்தார். மகள் ஜெனி அடுத்த மாதம் கனடா போகிறாள். படிப்பு. குளிருக்கு வீட்டுத் துணியிலேயே ஒரு போர்வை வேண்டும். பையில் அக்காவின் சீலைகள், ஜெனியின் பள்ளிக்கூடச் சட்டை, ஒரு யன்னல் சீலை.

நான் தைப்பது பூவும் நட்சத்திரமும் நிறைந்த போர்வை அல்ல. துண்டுகள் ஒரு மூலையில் நெருக்கமாக இருக்கும். மிச்சம் ஒரே நிறத்தில் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமைதான் எனக்கு வேலை. ஜெனிக்காகக் கருநீலம் எடுத்திருந்தேன், பின்னேரத்துத் துறைமுகம் மாதிரி. சுவரில் பதித்துக் காட்டினேன். மேரி அக்கா அந்தக் கருநீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பக்கத்தில் யாருமே இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தினார்.

“துணி போதாமப் போச்சுதெண்டால் வெக்கப்படாமச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் கொண்டந்து தாறன்.”

ஓட்டோ

அடுத்தமுறை ஜெனியும் வந்தாள். தாயும் மகளும் வந்திறங்கிய ஓட்டோவை ஓட்டியவர் செபமாலை அண்ணை, அவளுடைய தகப்பன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் இறங்கவில்லை.

ஜெனிக்குப் புல்மோட்டைப் பக்கம் ஆசிரியை நியமனம் கிடைத்திருந்தது. அரசாங்க வேலை. அவள் அதைப் பொறுப்பேற்காமல் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து தகப்பன் மகளோடு கதைப்பதில்லை. ஆனால் மகளுக்கு எங்கே போக வேண்டுமானாலும் அவருடைய ஓட்டோதான். “அம்மா, இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கோ” என்று அவள் சொல்வாள். மேரி அக்கா அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஓட்டோ திரும்பும்.

பையில் அவருடைய துணி ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். ஜெனி துண்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

“கதையே இல்லாத மனுசன் கட்டின சாரத்தை நான் என்னெண்டு அன்ரி போர்க்கிறது?”

சேட்

இரண்டு நாள் கழித்து ஓட்டோ தனியாக வந்தது. செபமாலை அண்ணை உள்ளே வந்து கதிரையில் இருக்காமல், சீலைப் பையிலிருந்து தன் பழைய வேலைச் சட்டையை, ஒரு காக்கிச் சேட்டை, எடுத்து மேசையில் வைத்தார். படகில் போட்டது. உப்பும் வெயிலும் தின்று மெலிந்திருந்தது. பட்டன்களில் நடுவிலிருந்தது மட்டும் வேறு, கறுப்பு, மற்றவற்றைவிடப் பெரியது.

“இதை உள்ளுக்கு வைச்சுத் தைக்க ஏலுமோ? வெளியில தெரியக் கூடாது.”

மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் வைக்கலாம் என்றேன். கொலரும் கைமடிப்பும் தடிப்பு, எடுத்துவிட வேண்டும் என்றேன். சரி என்றார். பட்டனையும் எடுக்க வேண்டும் என்றதும் சேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். ஜெனிக்குச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம். மேரி அக்காவுக்கு? வேண்டாம்.

“ஆருக்கும் சொல்லாதேங்கோ. பட்டன் ஒண்டையும் களட்டாதேங்கோ. வேற என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ.”

ஊசி

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். என்னோடு வேலை செய்கிற ரிஸானாவுக்கும் சொல்லவில்லை. அவள் கிண்ணியாவிலிருந்து வருகிறவள். போர்வையின் அடுக்குகளைச் சேர்த்து நேர்கோடு தைப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. பட்டன் உள்ள இடத்தை நானே தைக்கலாம் என்று நினைத்திருந்தேன். நான் குசினிக்குப் போன நேரத்தில், அவள் நல்ல மனத்தோடு அந்தப் பக்கத்தையும் தொடங்கிவிட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது. பட்டனில் பட்டு முறிந்த ஊசியின் பாதி சுவரடியில் கிடந்தது.

பிரிக்க நேரமில்லை, ஜெனி போவதற்குச் சில நாள்தான் இருந்தது. பட்டனைக் கழற்றவும் முடியாது. கடைசியில் சுற்றிப் போனோம். சாம்பல் நூலில் நேராக வந்த கோடுகள் ஒவ்வொரு பட்டனிலும் பிரிந்து, வளைந்து, மறுபக்கம் சேர்ந்தன, மிதவையைச் சுற்றிப் போகும் தண்ணீர் மாதிரி. நடுப்பட்டனில் வளைவு இன்னும் பெரிது. முடித்து விரித்தபோது, ஒன்றுமில்லாத கருநீலத்தில் ஒரு சேட்டின் முன்பக்கம் வரிசையாக எழும்பி நின்றது. மறைக்கச் சொன்னதை நாங்கள் வரைந்து காட்டியிருந்தோம். நான் தலையில் கை வைத்தேன். ரிஸானா உடைந்த ஊசியைக் காட்டினாள்.

“எனக்கிட்டயும் ஒளிச்சா ஊசிக்கு எப்பிடிக்கா தெரியும்?”

கையளிப்பு

போர்வையை எடுக்கத் தாயும் மகளும் வந்தார்கள். ஓட்டோ வழக்கம்போல் படலைக்கு வெளியே நின்றது. நான் போர்வையை விரித்துவிட்டு, அந்த வளைவுகள் புதுமாதிரி வேலைப்பாடு என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

ஜெனி கேட்கவில்லை. ஒரு வளைவுக்குள் விரலை வைத்தாள். அடுத்ததற்குள் வைத்தாள். நடுவில் விரல் நின்றது. அமத்திப் பார்த்தாள்.

“அம்மா, இது உங்கட மழைக்கோட்டுப் பட்டன். கறுப்பு. நான் ஏழாம் வகுப்பில அப்பான்ர சேட்டுக்குத் தைச்சுக் குடுத்தது. பெரிசாப் போச்சுதெண்டு நீங்கள் ஏசினீங்கள்.”

மேரி அக்காவும் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜெனி போர்வையை மடிக்காமல் அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் வாசலில் நின்றோம். அவள் பின் இருக்கையில் ஏறினாள். விரல் இன்னும் அந்தப் பட்டனில்தான் இருந்தது.

“அப்பா, கடற்கரை வழியால விடுங்கோ” என்றாள். இடையில் மேரி அக்கா இல்லை.

செபமாலை அண்ணை கண்ணாடியில் பார்த்தார். முதலில் என்னை, பிறகு போர்வையை, பிறகு அவளை. ஓட்டோவை ஸ்ராட் பண்ணினார். மேரி அக்காவை ஏற்ற வேண்டும் என்பதை அவர் மறந்தேபோனார்.

“பட்டன் பக்கம் மேல வரப் போடு, பிள்ளை. கீழ போட்டா உறுத்தும்.”

இப்போதும் யாராவது ஒன்றை உள்ளே மறைத்துத் தைக்கச் சொன்னால், பட்டன் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இருந்தால், கழற்றச் சொல்லிக் கேட்பதில்லை, மேலதிகமாக ஓர் ஊசி மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.