புயல் என்னும் ராணுவ ரகசியம்

சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எங்கள் குப்பம். மயிலாப்பூர்க்காரர்களுக்கு அது வேறு தேசம். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வழி நன்றாகத் தெரிந்திருந்தது. போர்ச்சுகீசியர் வந்து எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். இங்கிலீஷ்காரர் வந்து ஒரு கொடிமரம் நட்டு, புயல் வந்தால் அதில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற ஆள் போட்டார்கள். பாதி வருஷம் வேர்வையிலும் மீதி வருஷம் மழையிலும் ஊறுகிற எங்களுக்கு இதைவிட வேறென்ன நாகரிகம் வேண்டும்?

அந்த ஆள்தான் அகஸ்டின். காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் துலக்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

நாற்பத்து மூன்றில் யுத்தம் மும்முரம். கூண்டைப் பார்த்து ஜப்பான்காரன் உஷாராகிவிடுவானாம். அதனால் ஏற்றக் கூடாது, வாய் திறந்தால் ஜெயில் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். புயல் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அக்டோபரில் ஒரு மத்தியானம், வானம் பளிச்சென்று இருந்தபோது, அகஸ்டினுக்குச் சேதி வந்தது: விடியலில் புயல். விடியலில்தான் அவர் மருமகன் விக்டரும் மற்றவர்களும் கட்டுமரம் தள்ளுவார்கள்.

சாயங்காலம் ஊரே ஜெபமாலைக்குப் போயிருந்தது. அகஸ்டின் அரிவாளோடு கரைக்குப் போய், ஒவ்வொரு கட்டுமரமாக, மரங்களைப் பிணைத்திருந்த கயிற்றை அறுத்துத் துண்டு துண்டாக்கினார். கோயிலிலிருந்து முதலில் திரும்பி வந்தவன் விக்டர்.

"இன்னா மாமா, பைத்தியமா புட்ச்கிச்சு? இன்னாத்துக்கு அறுத்துக்கினு கீறே?"

"உங்க மூஞ்சிங்களப் பாக்கப் புடிக்கல. போவியா!"

சர்க்கார் ரகசியத்தை இவ்வளவு விசுவாசமாகக் காப்பாற்றிய உத்தியோகஸ்தர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஊர் அவரை அடித்து, முன்பல்லைப் பேர்த்து, தன் மரியாதையைச் செலுத்தியது.

சொன்னபடி புயல் வந்து மரங்களை வாரிக்கொண்டு போனது. ஆள் ஒருவரும் சாகவில்லை. சாகாததால், செத்திருப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கயிறு இருந்திருந்தால் மரங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டிருப்போமே என்றுதான் புலம்பினார்கள். யுத்தம் முடிந்ததும் அகஸ்டின் உண்மையைச் சொன்னார். ஒரு பொய் யோசிக்க இத்தனை நாளா என்று சிரித்தார்கள்.

விக்டர் சிரிக்கவும் இல்லை. மாமனாரை எங்கே பார்த்தாலும் நின்று, மூச்சு வாங்கத் திட்டிவிட்டுத்தான் போவான். அகஸ்டின் ஓட்டைப் பல்லோடு கேட்டுக்கொண்டு நிற்பார். எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் மகள் பியாட்ரிஸ் அழுதே விட்டாள்.

"எப்டி நைனா இத்தெல்லாம் கேட்டுக்கினு நிக்கிறே?"

"உன் புருசன் கொரலு கணீர்னு கீதும்மா," என்றார் அகஸ்டின். "திட்டட்டும்."