வேலியோர அருகம்புல்

கிள்ளானில் எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் புல்தரை உண்டு. கொஞ்சம் என்றால், இரண்டு கார் நிறுத்தலாம். அதை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டலுக்குக் குறைவில்லை. உண்மையில் அங்கே புல்லைவிடத் தொட்டாற்சுருங்கியும் கோரையும்தான் அதிகம். வேலியோரமாக ஒரு திட்டு அருகம்புல்லும் இருந்தது.

அந்த அருகம்புல்லுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. தினமும் காலையில் ஒரு கைப்பிடி பறித்துப் போய் மிக்சியில் அடித்துக் குடிப்பார். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய கார் என் கேட்டை ஒரு சாண் மறித்து நின்றது. நான் கத்தினேன், அவரும் கத்தினார். அதோடு பேச்சு நின்றது. சில நாளில் அவர் காரைத் தள்ளி நிறுத்த ஆரம்பித்தார். என் கத்தலுக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். புல் மட்டும் தினமும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு விடிவதே எட்டு மணிக்கு என்பதால் பறிப்பதைப் பார்த்ததில்லை. ரோஷமில்லாத மனுஷன் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை, மனைவி தன் அக்காவோடு பிரிக்பீல்ட்ஸுக்குச் சேலை எடுக்கப் போயிருந்தாள். நான் போய்க் களையைக் கொல்லும் புல் மருந்து வாங்கி வந்தேன். கடைக்கார சீனர் புட்டியைத் தட்டித் தட்டி மலாயில் ஏதோ எச்சரித்தார். எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மூடி என்று புட்டியில் போட்டிருந்தது. தாராள மனசு எனக்கு. இரண்டு மூடி சேர்த்தே ஊற்றினேன். மழைக்கோட்டு, ரப்பர் கையுறை, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சகிதமாகக் களத்தில் இறங்கினேன். என் மூச்சிலேயே ஹெல்மெட் கண்ணாடி மங்கிப்போக, பாதித் தரைக்குக் குத்துமதிப்பாகத்தான் அடித்தேன்.

வேலியோரம் அடிக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால் இறங்கிப் போனதாகிவிடுமே. ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தேன். குளித்துவிட்டு டிவி முன் உட்கார்ந்ததும் அதையும் மறந்துபோனேன்.

மறுநாள் காலை காப்பியோடு வெளியே வந்தால், வேலியோரத்தில் புதிதாகப் பறித்த தடம். கட்டியிருந்த கைலியோடு ஓடினேன். அவர் வாசலில் நின்றிருந்தார், கையில் பச்சை நிறத்தில் ஒரு டம்ளர்.

"அண்ணே, குடிக்காதீங்க! புல்லுல மருந்து அடிச்சிருக்கேன்!"

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பத்தான் வடிகட்டினேன் தம்பி. இன்னும் வாயில வைக்கல" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கோவம் இருக்கட்டும்ணே, பறிக்க வரும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நானா? உங்க வேலிப் பக்கம் வந்தே மூணு மாசம் ஆச்சு லா. உங்க வீட்டம்மாதான் தினமும் பறிச்சு, பையில போட்டு என் கேட்ல மாட்டிட்டுப் போறாங்க. நீங்கதான் குடுத்து விடுறீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் காரைக்கூடத் தள்ளிப் போட்டேன்."

நான் தலையாட்டினேன். கடைக்காரரிடம் ஆட்டிய அதே தலை.

வீட்டுக்கு வந்து, முதலில் மனைவியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். இரண்டு வாரத்தில் களையோடு சேர்ந்து தரை முழுவதும் காய்ந்து பழுப்பேறியது. மூடிக் கணக்கை மீறாதே என்றுதான் கடைக்காரர் எச்சரித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது அவருக்காக அருகம்புல்லைப் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாங்கி வருகிறோம். முதல் நாள் அதைப் பையில் போட்டு மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இனிமே நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். "அவருதான் இத்தனை நாளும் நீங்கன்னே நம்பிட்டிருந்தாரே."