அலை உடையாத இடம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிறு காலை. குருக்கள்மடத்தில் மனைவியின் வீட்டுக்குப் போயிருந்தோம். அறுகம்குடாவில் வெள்ளைக்காரருக்கு சர்ஃபிங் பழக்கும் அவளுடைய தம்பியும் லீவில் வந்திருந்தான். அவனுடைய இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு, மனைவி, இரண்டு மகள்மாரோடு கடற்கரைக்குப் போனோம்.

நான் வவுணதீவுக்காரன். எங்கள் ஊர் வாவியை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தியவன் என்ற தலைக்கனம் எனக்கு. "கொஞ்சம் நிண்டு தண்ணியப் பாருங்க அத்தான், மறுகா இறங்குவம்" என்றான் மச்சினன். "படம் பார்க்கிற மாதிரிக் கடலப் பார்க்கவா வந்தனான்?" என்று சிரித்தேன். பலகையின் கயிற்றைக் காலில் கட்டச் சொன்னதையும் கேட்கவில்லை. இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் வாவி போல அடங்கிக் கிடந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் அடங்கிக் கிடந்தால் பயமில்லை. அங்கேயே இறங்கினேன்.

பலகை வழுக்கிக்கொண்டு வெளியே போனது. கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், கரையில் நின்ற பிள்ளைகள் விரலளவு தெரிந்தார்கள். பதறியதில் கவிழ்ந்தேன், பலகையும் கைவிட்டுப் போனது. கரையை நோக்கி மூச்சைப் பிடித்து நீந்தினேன். எவ்வளவு நீந்தியும் கரை கிட்ட வரவில்லை. கை சோர்ந்து, உப்புத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினேன். கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது மச்சினன் தன் பலகையில், நான் வந்த அதே இடத்தால் வேகமாக வந்து சேர்ந்தான். "கரையப் பார்த்து நீந்தாதீங்க! இதப் பிடிங்க!" பிடித்ததும்தான் உயிர் திரும்பியது. அவன் நேரே கரைக்குப் போகவில்லை. பக்கவாட்டில், நான் பயந்து ஒதுக்கிய வெள்ளை அலைகளுக்குள் கொண்டுபோனான். அவை எங்களைத் தள்ளி மணலில் போட்டன.

மனைவி அழுதாள், பிறகு ஏசினாள். அந்த ஏச்சு அன்று தேனாக இனித்தது. மச்சினன் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். "அலை கொண்டு வாற தண்ணி திரும்பிப் போகவும் வழி வேணும்தானே அத்தான். அலை உடையாத இடம்தான் அந்த வழி. வெளிய போக நாங்க அதத்தான் பிடிப்பம். தெரியாதவன அது கொண்டு போயிரும்."

இப்போதும் கடலுக்குப் போகிறோம். கால் மணி நேரம் தண்ணீரைப் பார்க்காமல் யாரையும் இறங்க விடமாட்டேன். மனைவி கேலி செய்கிறாள், செய்யட்டும். அன்று மாட்டியது நானாக இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதிதான் வருகிறது. ஏனென்றால், என் மகள்மார் குளிப்பதற்கென்று நான் மனதுக்குள் பார்த்து வைத்திருந்த இடமும் அதுதான்.