எந்த ஊர்த் தேதி?

தேதியை எழுதிவிட்டு, அது எந்த ஊர்க் கணக்கு என்று எழுதாமல் விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு. அறுபதுகளின் கடைசியில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் வேலைக்குப் போனேன். துளையிட்ட அட்டைகளில் 'மணி ஒன்பது' என்று மொட்டையாக வரும். பம்பாய் ஒன்பதா, லண்டன் ஒன்பதா? கேட்டால் சிரிப்பார்கள். அட்டைக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். கிறுக்கன் என்று பேர் வந்தது. வரட்டும். ஒருகாலத்தில் மொட்டைத் தேதி எழுதியவன்தான் நானும்.

ஐம்பதுகளில், தென்காசியில், அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஆவணி பதினேழு காலையைக் குறித்தார் டாக்டர். "மூத்தவ மொகத்தப் பாத்துட்டுத்தாம்லே உள்ள போவேன்" என்று அம்மா ஒரே பிடிவாதம். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்து ஊரில். அத்தானுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். இங்கிலீஷ் தேதியையும் சேர்த்துப் போடப் போனபோது, "நம்ம வீட்டுக் காயிதத்துல என்னலே தொர மாதிரி எழுதுத?" என்றார் அப்பா. விட்டுவிட்டேன். சோம்பல், வேறென்ன.

"சிங்கம் பதினாறு சாயங்காலம் வந்துவிடுவோம்" என்று பதில் வந்தது. நம் ஆவணிதான் அவர்களுக்குச் சிங்கம். முந்தின நாளே வந்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் மாதம் பிற்பகலில் பிறந்தால் நமக்கு அன்றைக்கே ஒன்றாம் தேதி, மலையாளத்தாருக்கு மறுநாள்தான். அந்த வருஷம் ஆவணி அப்படித்தான் பிறந்திருந்தது; நம் பதினேழுதான் அவர்களுக்குப் பதினாறு. இரண்டு கணக்கும் புழங்கிய எல்லையோரச் செங்கோட்டைக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

பதினாறாம் தேதி அம்மா தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொல்லம் ரயில் வந்து போனது. யாரும் வரவில்லை. மறுநாள் காலையில், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவளுக்கு எம்மேல என்ன கோவமோ" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போனாள். மயக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். அடுத்த வீட்டிலிருந்து வந்த காப்பியைக் குடித்தபடி, "எல்லாம் விதி" என்றார்கள் சொந்தக்காரர்கள். விதியாம், விதி! ஒரு வரி எழுதச் சோம்பினதற்குப் பெயர் விதியா? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பு. அவர்களைப் பார்த்து மட்டுமல்ல, என் கையைப் பார்த்தும்தான்.

சாயங்காலம் குதிரைவண்டி வந்து நின்றது. குற்றாலத்தில் சீசன் சமயம், ஒரு ராத்திரி கையில் இருக்கிறதே என்று ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். அக்காவின் தலையில் ஈரம் காயவில்லை. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, நாளைக்குத்தானே ஆபரேஷன்?"